வெறுஞ்சீட்டும் நிறைந்த பெட்டியும்

தேர்தல் முடிவுகளை வானொலி சொல்லி முடித்த மறுநாட் காலையில் எமது ஊர்ச் சந்திகளிலே தவறாது காதில் விழும் வசனம் ஒன்றுண்டு. "ஆர் வந்தாலென்ன, எங்கடை பாடு எங்களோடைதான்." தேநீர்க் கடையிலும் சங்கக்கடை வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் இதனை நாம் கேட்டிருக்கிறோம், நாமே சொல்லியும் இருக்கிறோம். நம்பிய கட்சி தோற்றபோது இவ்வசனம் எழும். எவருக்கும் பெரும்பான்மையின்றி ஆசனங்கள் சிதறி, ஆட்சியென்று ஒன்று நடைபெறாது போகுமிடத்து இன்னும் உரத்து எழும். இதனை அறியாமை என்று ஒதுக்குவோர் உளர். பாமரனின் ஞானம் என்று போற்றுவோரும் உளர். இருசாராரும் அவசரக்காரர் என்றே நாம் கருதுகிறோம். ஏமாற்றம் முதலில் எடுக்கும் உருவம் இது. அடுத்து அது எவ்வுருவம் எடுக்கும் என்பதே அரசியலுக்கும் இலக்கியத்துக்கும் பொதுவான வினாவாகும்.

இவ்வினாவை ஒரு முழு நாவலாக விரித்தவர் போர்த்துக்கேய எழுத்தாளர் ஜோசே சரமாகோ. 2004இல் வெளிவந்த அந்நாவலின் மூலத் தலைப்பைத் தமிழிற் சொல்வதாயின் 'தெளிவு பற்றிய கட்டுரை' எனலாம். 1995இல் அவர் எழுதிய 'குருடு பற்றிய கட்டுரை' என்னும் நாவலின் தொடர்ச்சியாக இது அமைந்தது. போர்த்துக்கேய மொழி அறியாத நாம் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே இதனைப் படித்தோம். நூலுட் புகுமுன் நூலாசிரியரைப் பற்றி ஒரு விடயம் கூறல் வேண்டும். நிலமற்ற உழவர் குடும்பத்தில் 1922இற் பிறந்த சரமாகோ, 1969 முதல் தமது நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். 1974 ஏப்ரிலில் வீழ்ந்த சர்வாதிகாரத்தின் கீழேயே அவரது இளமை முழுவதும் கழிந்தது. தமது ஐம்பத்திரண்டாம் வயதிலேதான், 1975இல், சுதந்திரமான தேர்தலொன்றை அவர் தம் நாட்டிற் கண்டார். வாக்குரிமையின் விலையை அறிந்த ஒருவர், மக்கள் வெறுஞ்சீட்டைப் பெட்டியில் இடும் கதையை எழுதினார் என்றால், அதனை ஒரு சலிப்புக்காரனின் கேலி என்று தள்ளிவிட இயலாது.

கதை எளியது. பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டின் தலைநகரிலே தேர்தல் நாளன்று அடைமழை. மாலை நான்கு மணிவரை வாக்களிப்பு நிலையங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. நான்கு மணிக்கு, எவரும் எவருக்கும் சொல்லிவைக்காமலே, நகரம் முழுவதும் வீட்டைவிட்டு வெளியே வந்து வரிசையில் நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு எழுபது வீதத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் வெறுமையானவை. அரசு அதிர்ந்து, ஒரு வாரத்தின் பின் மறுதேர்தல் வைக்கிறது. இம்முறை வலதுசாரிக் கட்சிக்கு எட்டு வீதம், நடுக்கட்சிக்கு எட்டு வீதம், இடதுசாரிக் கட்சிக்கு ஒரு வீதம். வெறுஞ்சீட்டோ எண்பத்து மூன்று வீதம். பழுதான வாக்கு ஒன்றுகூட இல்லை. வராமல் விட்டவர் ஒருவருமில்லை. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்படுகிறது. பின்னர் ஜனாதிபதியும் மந்திரிகளும் பொலிசாரும் படையினரும் ஒருநாள் விடியுமுன் நகரத்தைக் கைவிட்டு வெளியேறி, அதனை வெளியிலிருந்து முற்றுகையிடுகின்றனர்.

ஆளுவோரின் அச்சத்தைக் காட்டுவதில் இந்நாவலுக்கு நிகரானவை சிலவே. எதிர்க்கட்சிக்கு விழும் வாக்கைக் கண்டு இவர்கள் அஞ்சுவதில்லை. அது ஆட்டத்துக்கு உட்பட்டது. இன்று நீ, நாளை நான். ஆட்டத்திலேயே நம்பிக்கையில்லை என்று சட்டத்துக்கு அமைந்த முறையிலே சொல்லப்பட்டால் அதற்கு மறுமொழி சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. ஆகவே 'சதி' என்கிறார்கள், சதிகாரரைத் தேடுகிறார்கள், கிடைக்காதபோது உள்நாட்டு மந்திரி தாமே குண்டு வைப்பித்துப் பழியை மக்கள்மீது சுமத்துகிறார். அரசாங்கம் இருளில் நழுவிச் செல்லும்போது, அது கடக்கும் தெருக்களிலே வீட்டுக்கு வீடு விளக்குகள் ஒளிர்கின்றன. வழியனுப்பவா, காட்டிக்கொடுக்கவா என்றறியாமல் மந்திரிமார் வியர்க்கின்றனர். இக்காட்சியைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்றுநேரம் இருந்தோம்.

மற்றொரு காட்சியும் மறக்கற்பாலதன்று. நகரத்தை நாறடித்துப் பணியவைக்க எண்ணி, குப்பை அள்ளும் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யுமாறு அரசே தூண்டுகிறது. நண்பகலில் எல்லா வீடுகளிலிருந்தும் பெண்கள் விளக்குமாறும் வாளியுமாக வெளிவந்து தத்தம் வாசலைக் கூட்டுகின்றனர். அடுத்து, தொழிலாளரும் சீருடையைக் களைந்துவிட்டு, சொந்த உடுப்போடு வேலைக்கு வந்துவிடுகின்றனர். நிறுத்தம் செய்வது சீருடைதானாம், தாங்கள் அல்லராம்! மக்களைக் கூட்டமாகக் கண்டதும் கலவரம் எழுதப் பழகிய எழுத்தாளர் பலர். சரமாகோ ஒழுங்கை எழுதினார். தலைவனில்லாவிடில் மக்கள் காடையராவர் என்ற மேட்டுக்குடிப் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் நாவல் இலக்கியத்தில் அரிது.

இந்நூலை எமது நாட்டு வாசகன் படிக்கும்போது முதலில் இடறும் இடம் ஒன்றுண்டு. போர்த்துக்கலிலே வெறுஞ்சீட்டு வேறாகவும், பழுதான சீட்டு வேறாகவும் எண்ணி அறிவிக்கப்படும். இலங்கையில் இரண்டும் 'நிராகரிக்கப்பட்ட வாக்குகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்கும். புள்ளடி இடத் தெரியாமல் எல்லைக்கோட்டில் கீறிய கிழவியும், எல்லாரையும் நிராகரித்து வெறுமையாக மடித்துப் போட்ட பட்டதாரியும் எமது பெட்டியில் ஒருவரே. நிராகரித்தவன் நிராகரிக்கப்பட்டவன் ஆகிவிடுகிறான்! எனவே சரமாகோவின் எண்பத்து மூன்று வீதம் எமது நாட்டில் நிகழ்ந்தாலும், அது பேசியதா, கைதவறியதா என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. பேசாமையும் ஒரு பேச்சாக வேண்டுமாயின் அதனை எண்ணுவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

வாக்கை மறுத்தல் என்பது எமக்குப் புதிய கதையன்று. டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931இல் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் கோரிக்கை முழுச் சுயராச்சியம்; அரைகுறைத் திட்டம் வேண்டாம் என்பது. அன்றைய இந்திய விடுதலை இயக்கத்தின் வேகம் அவர்களிடம் இருந்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. நான்கு ஆசனங்களும் வெறுமையாயின. இனம், சாதி என்ற சிறுமைகளைக் கடந்த இலட்சியவாதிகள் அவர்கள். தீண்டாமையை வெளிப்படையாக எதிர்த்தவர்கள். அவர்தம் நேர்மையை ஐயுறுவதற்கில்லை.

ஆயினும் அவ்வாண்டிலேதான் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. படிப்பும் சொத்தும் உடையோருக்கே உரியதாயிருந்த சீட்டு, முதன்முறையாகக் குடிசைக்கும் அடுப்படிக்கும் வந்தது. அதனை வரவிடலாகாது என்று வாதாடிய தமிழ்ப் பெருமக்கள் இருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அவர்களுள் ஒருவர். அப்படி வந்த உரிமையை முதல் நாளிலேயே பயன்படுத்த இயலாது போனவர் யார்? கோயிலுக்குள் விடப்படாதவன், கிணற்றில் அள்ள விடப்படாதவள். பகிஷ்கரிப்பதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போனவர்கள் தீர்மானித்தார்கள். 1934இல் இடைத்தேர்தல்கள் நடந்து ஆசனங்கள் நிரம்பியபோது, வாலிபர் காங்கிரஸின் சுயராச்சியக் குரலன்று, வேறு குரல்களே சபைக்குச் சென்றன. வெறுமையை விட்டுச் சென்றவனுக்காக அது காத்திருப்பதில்லை. யாராவது வந்து அமர்வார்கள்.

2005 நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்து வாக்காளருள் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. தெற்கில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளே வித்தியாசம். அன்றைய வெறுமையை வாக்காளரின் மௌனம் என்பதா, வாக்காளர்மீது சுமத்தப்பட்ட மௌனம் என்பதா? விடுதலைப் புலிகள் பகிஷ்கரிப்பைக் கோரினர். அந்தக் கோரிக்கையைப் பொருட்படுத்தாது நிலையத்துக்குப் போய்வரும் துணிவு அன்று எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்பதை அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் அறிவர். வீட்டிலிருப்பதைத் தெருவில் நிற்பவன் கண்காணிக்கலாம். மறைப்புக்குள் வெறுமையாக மடிக்கும் சீட்டை எவனும் கண்காணிக்க முடியாது. சரமாகோ தம் மக்களை வீட்டிலிருத்தாமல், மழையில் நனைய வைத்து வரிசையில் நிறுத்தியதன் நுட்பம் இங்கேதான் எமக்கு விளங்கிற்று.

இனி, நாவலுக்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். சரமாகோவின் மக்கள் ஒன்றும் எழுதாமலே பேசினர். 1960 மார்ச்சில் இலங்கை மக்கள் எழுதியே பேசினர், கேட்பாரில்லை.

அவ்வாண்டு மார்ச் 19ஆந் திகதித் தேர்தலில் 151 ஆசனங்களுக்குப் போட்டி நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46. தமிழரசுக் கட்சிக்கு 15. சமசமாஜக் கட்சிக்கு 10. பிலிப் குணவர்த்தனாவின் மக்கள் ஐக்கிய முன்னணிக்கு 10. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 3. எஞ்சியவை சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும். டட்லி சேனநாயக்கா பிரதமரானார். சபாநாயகர் தெரிவிலேயே அரசு தோற்றது. ஏப்ரில் 22ஆந் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் 86க்கு 61 என்ற கணக்கில் வீழ்ந்தது. எதிர்க்கட்சிகளை அழைத்து ஆட்சியமைக்கச் சொல்லாமல் மகாதேசாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். ஜூலை 20இல் மீண்டும் தேர்தல்.

இந்த முட்டுக்கட்டைக்கு யார் காரணம்? மக்கள் தெளிவான தீர்ப்பு அளிக்கவில்லை என்பது வழக்கமான விடை. மூன்று மாதத்துக்குள் அவர்களை மீண்டும் வரிசையில் நிறுத்தியதும் அந்த விடையே. பரீட்சையிற் பிழைவிட்ட மாணவனை மறுபடி எழுதவைக்கும் தோரணை அது. தாளைத் திருத்தியவரைக் குறித்துக் கேள்வி கிடையாது. நாம் அத்தாளைத் திருப்பி வாசிக்க விரும்புகிறோம்.

முற்போக்கு வாசகருக்கு வலிக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். சமசமாஜக் கட்சி அத்தேர்தலில் நூறு தொகுதிகளுக்கு மேல் நின்று, தான் அரசமைக்கும் என்று நம்பியது. பத்து ஆசனங்கள் கிடைத்தன. தோட்டத்திலும் துறைமுகத்திலும் கந்தோரிலும் அதற்காக உழைத்தவர்களின் ஏமாற்றத்தை எண்ணிப் பார்க்கலாம். 'மக்களுக்கு இன்னும் வர்க்க உணர்வு வரவில்லை' என்ற பெருமூச்சு அப்போது எழுந்திருக்கும்; எந்தத் தோல்வியின் பின்னும் எழுவதுதானே. ஆனால் மூன்று இடதுசாரிக் கட்சிகளும் பெற்ற வாக்குகளைக் கூட்டிப் பார்ப்பின், நாடு முழுவதிலும் அளிக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ நாலிலொரு பங்கு வருகிறது. ஆசனமோ மூன்றுக்குமாக 23. ஒருவரையொருவர் எதிர்த்து நின்று வாக்கைப் பிரித்தவர் தலைவர்கள். நால்வரில் ஒருவன் இடதுபக்கம் புள்ளடியிட்டான். அவனுக்கு உணர்வு வரவில்லை என்று இனி எந்த முகத்தோடு சொல்வது?

தமிழ் வாக்காளன் எழுதியது இதனினும் தெளிவு. தமிழரசுக் கட்சியின் 15 ஆசனங்களும், எவருக்கும் பெரும்பான்மையில்லாத சபையிலே, திறவுகோலாயின. பிரதேச சபைகள், வடக்கு கிழக்கு நிர்வாகத்தில் தமிழ், மலையகத் தமிழரின் பிரசாவுரிமை முதலிய கோரிக்கைகளைச் செல்வநாயகம் டட்லியின் முன் வைத்தார், டட்லி இணங்கவில்லை. அரசு கவிழ்ந்தது. சுதந்திரக் கட்சியோடும் பேச்சு நடந்தது. அங்கே நம்பிக்கை தரப்பட்டது. ஜூலையில் சுதந்திரக் கட்சிக்கு 75 ஆசனங்கள் கிடைத்ததும் திறவுகோல் தேவைப்படவில்லை. 1961 ஜனவரியில் தனிச்சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஜூலைத் தேர்தலின் 'தெளிவு' எத்தகையது என்பதையும் பாருங்கள். 37 வீதத்துக்கு மேல் வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 30 ஆசனங்கள். 33 வீதத்தைச் சற்றே தாண்டிய சுதந்திரக் கட்சிக்கு 75. இடதுசாரிகளோடு செய்துகொண்ட போட்டித் தவிர்ப்பு உடன்பாடு இதற்கொரு காரணம். அதாவது, மார்ச்சில் கூடாதென்றிருந்த தலைவர்கள் ஜூலையிற் கூடினர். அதுவரை பழி வாக்காளனிடத்திலேயே இருந்தது.

மார்ச் 1960இன் சபை சிதறிய சபையன்று என்பதே எமது வாசிப்பு. இந்நாட்டில் எந்தவொரு சாராரும் ஏனையோரைக் கேளாமல் ஆளக்கூடாது என்று அத்தேர்தல் எழுதியது. சொன்னவர்கள் திட்டமிட்டுச் சொல்லவில்லை என்பது உண்மைதான். சரமாகோவின் நகரத்தவரும் திட்டமிட்டு வெறுமையாக மடிக்கவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியது சேர்ந்தபோது ஒரு வாசகமாயிற்று. அவ்வாசகத்தை வாசிக்க மறுத்தவர்கள் அதற்கு 'முட்டுக்கட்டை' என்று பெயரிட்டார்கள். முட்டுக்கட்டை வாக்குப் பெட்டிக்குள் இருக்கவில்லை.

இந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கும்போது சரமாகோவின் நாவலில் எமக்கொரு குறை தோன்றுகிறது. அரசு வெளியேறிய பின், எண்பத்து மூன்று வீதத்தினர் என்ன செய்கின்றனர்? வாசலைக் கூட்டுகின்றனர், வேலைக்குப் போகின்றனர், தப்பியோட முயன்று திரும்பிய வலதுசாரிக் குடும்பங்களின் மூட்டைமுடிச்சுகளை மாடிக்கு ஏற்றிக் கொடுக்கின்றனர். பண்பில் உயர்ந்தவர்கள், ஐயமில்லை. ஆனால் ஒருவரோடொருவர் என்ன பேசினர்? தண்ணீர், சந்தை, பள்ளிக்கூடம், வாடகை இவற்றை இனி யார் முடிவு செய்வது என்று ஒரு தெருவிலாவது கூடினரா? நூலாசிரியர் அங்கே நம்மை அழைத்துச் செல்லவில்லை. அரசாங்கம் ஆள முடியாமல் நிற்கிறது. மக்கள் ஆளக் கேளாமல் நிற்கின்றனர். உண்மையான முட்டுக்கட்டை இதுவே. அதனை ஆசிரியர் கண்டும் காணாதவர்போற் கடந்துவிடுகிறார்.

நூலின் பிற்பாதியில் மக்கள் மெல்ல மறைகின்றனர். முந்திய நாவலில் எல்லோரும் குருடானபோது பார்வை இழக்காதிருந்த மருத்துவரின் மனைவியைச் சதியின் தலைவியாக்க அரசு முனைகிறது. அவளை வேவு பார்க்க அனுப்பப்பட்ட பொலிஸ் அதிகாரிக்கு மனச்சாட்சி விழிக்கிறது. உண்மையைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறார், கொல்லப்படுகிறார். அவளும் வீட்டு மாடத்தில் நிற்கையிற் சுடப்படுகிறாள். விறுவிறுப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது, அந்த அதிகாரி எமது நெஞ்சில் நிற்கிறார். எனினும் ஒரு நகரத்தின் கதையாகத் தொடங்கியது, நல்லவன் ஒருவனின் கதையாகச் சுருங்கிவிட்டது. கூட்டத்தின் மனத்தை எழுதும் வடிவம் கைக்கு வராதபோது தனிமனிதன் மனச்சாட்சிக்குத் திரும்புவது நாவலின் பழைய பழக்கம். சரமாகோ போன்ற ஒருவருக்கும் அப்பழக்கம் விடவில்லை. பறிமுதல் செய்யப்பட்ட அப்பத்திரிகையின் செய்தியைப் பிரதியெடுத்து நகரமெங்கும் கைமாற்றுகின்றனர் மக்கள். சில வரிகளே வரும் அந்த இடத்தில் மட்டும் பழைய நகரம் மறுபடி மூச்சுவிடுகிறது.

இடதுசாரிக் கட்சிக்கு அவர் ஒரு வீதமே கொடுத்ததைப் பற்றிச் சிலர் முகஞ்சுளிக்கலாம். கட்சி உறுப்பினரான எழுத்தாளர் தம் கட்சியைப் போன்ற ஒன்றுக்கு இத்தனை கடுமையான கணக்கெழுதலாமா? எழுதலாம் என்பதே எமது துணிபு. அவரன்றி வேறு யார் எழுதினாலும் அது வசையாகியிருக்கும். நாலிலொரு பங்கு வாக்கை 23 ஆசனமாக்கிய எமது கட்சிகளைப் பற்றி, உள்ளிருந்து அப்படியொரு வரியை எழுதியவரை நாம் இன்னும் படிக்கவில்லை.

எமது எழுத்தாளருக்கு வாக்காளன் என்றால் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரமே. சாராயத்துக்கு விற்றவன், சாதி பார்த்துப் போட்டவன், மேடைப் பேச்சில் மயங்கியவன். இப்படியானவர்கள் இல்லையென்று சொல்லோம். ஆனால் 1960இன் ஏப்ரில் 22 தொடக்கம் ஜூலை 20 வரையிலான அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஒரு கதை எமது கண்ணிற் படவில்லை. மார்ச்சில் ஒருநாட் கூலியை விட்டு வரிசையில் நின்றவன், எல்லாம் செல்லாது, மறுபடி வா என்று சொல்லப்பட்ட அன்றிரவு மனைவியிடம் என்ன சொன்னான்? "ஆர் வந்தாலென்ன" என்றுதான் தொடங்கியிருப்பான். அவள் என்ன மறுமொழி சொன்னாள்? ஜூலையில் அவர்கள் மீண்டும் போனார்கள் என்பது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.